பிரசவ அறைக் கதவில் மண்டை ஓடு

கதவில் நான் வரையச் சொன்ன மண்டை ஓடு நன்றாகவே வந்திருந்தது. சிவப்புப் பெயின்ட், கீழே பெருக்கல் குறிபோல இரண்டு எலும்புகள், அதற்கும் கீழே பர்மிய எழுத்தில் 'உயிருக்கு ஆபத்து, உள்ளே வராதே'. வரைந்தவர் அந்த ஊர்ப் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர். பழக்க தோஷத்தில் மண்டை ஓட்டைச் சுற்றி நாலு பூவும் போட்டிருந்தார்.

அந்தக் கதவுக்கு முன்னால் ஊர் மருத்துவச்சி டோ கின் நூ குடையைக்கூட மடக்காமல் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைச் சயாமா என்பார்கள். பர்மாவில் டீச்சரம்மாவும் சயாமா, நர்சம்மாவும் சயாமா. திட்டும்போது இரண்டு பேருக்கும் ஒரே குரல்தான்.

"கோ முரு, இந்த ரூமுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். அவர் பேசியது பர்மியத்தில். நான் நம் பாஷையில் சொல்கிறேன். கோ என்பது அங்கே மரியாதை, முரு என்பது நான்.

"பேட்டரி, சயாமா. இருபத்துநாலு."

"அப்ப பிள்ளை பெற வர்றவ எங்க படுப்பா?"

அந்த வயதுவரை என்னை எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரே வரியில் யாரும் என் ஃபியூஸைப் பிடுங்கியதில்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தில் வெள்ளத்துக்குள் ஜெனரேட்டரைக் காப்பாற்றிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி ராஜம் பத்திரிகையை மடித்து மேசையில் போட்டாள். "ஜெயிச்சதையே எழுதிக்கிட்டு இருக்கீங்க. அந்த மீ நே கான் கதைய எழுதுங்க, பாப்போம்" என்றாள். எழுதுகிறேன். எழுதாவிட்டால் இந்த வீட்டில் சோறு கிடைக்காது.

தூக்குகிற பரம்பரை

என் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அப்பா நகரசபையில் ஏணி தூக்கித் தெருவிளக்கு மாற்றினார். நான் பேட்டரி தூக்குகிறேன். மூன்று தலைமுறையாகத் தூக்குவதுதான் தொழில், சரக்குதான் மாறியிருக்கிறது.

யாங்கோன் என்று போர்டில் எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் அது ரங்கூன்தான். கடை பபேடானில், ஒரு பக்கம் அத்தர் கடை, மறுபக்கம் டீக்கடை. பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் பலகை விற்பேன், பொருத்தியும் கொடுப்பேன். ஊரில் கரண்ட் போகப் போக என் பிழைப்பு நடக்கிறது. தெருவே கரண்டுக்காரனைச் சபிக்கும்போது நானும் கூடச் சேர்ந்து சபிப்பேன், மரியாதைக்காக.

வீடு தாகேதாவில். பாசுண்டாங் ஓடையைத் தாண்டிப் போகவேண்டும். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிற என் வீட்டில் உருப்படியான பேட்டரி ஒன்று இருந்ததில்லை. நல்லதாக ஒன்று கொண்டுவந்து வைத்தால் மறுநாளே யாராவது அவசரம் என்று வந்து நிற்பார்கள், எடுத்துக் கொடுத்துவிடுவேன். ராஜம் அப்போது மெழுகுவர்த்திப் பாக்கெட்டை எடுத்து என் கண்ணில் படுகிற இடத்தில் வைப்பாள்.

ஒரே எழுத்து

இந்தக் கதைக்கு வேண்டிய பர்மியப் பாடம் ஒன்று இருக்கிறது. சின்னதுதான், பயப்படவேண்டாம்.

'மீ' என்றால் நெருப்பு. விளக்கும் மீதான். கரண்டும் மீதான். கரண்ட் போனால் நாங்கள் வீட்டுக்குள் தமிழில் "மீ பியெட்டிருச்சு" என்போம். வந்துவிட்டால் தெரு முழுக்க "மீ லா பீ" என்று ஒரு சத்தம் எழும்பும். தமிழன், பர்மாக்காரன், சீனன் எல்லோருக்கும் அந்த நேரத்தில் ஒரே மொழி.

எனக்குப் பர்மியம் தண்ணீர்பட்ட பாடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேரம் பேசுவேன், சண்டை போடுவேன், லஞ்சம் கேட்பவனிடம் சிரித்துக்கொண்டே குறைப்பேன். வாசிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். பஸ் போர்டும் கடை போர்டும் வாசித்தால் போதாதா என்ற எண்ணம். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பர்மியம் என்று இன்னொன்று இருப்பது எனக்குத் தெரியாது.

பெயர்ப் பலகை

கிராமத்துக் கிளினிக்குகளுக்குச் சோலார் போட ஆரம்பித்தது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். லான்மடாவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்கிற ஒரு பெரியவர் புண்ணியம் சேர்க்கிறவர். கோயிலுக்கும் கொடுப்பார், புத்த மடத்துக்கும் கொடுப்பார். எந்தக் கடவுள் முதலில் வருவார் என்று தெரியாதல்லவா. அவர்தான் என்னை முதல் கிளினிக்குக்கு அனுப்பினார்.

அங்கே நான் செய்த முதல் காரியம் அவர் பெயர்ப் பலகைக்கு விளக்கு. அவரும் அதைத்தான் முதலில் கேட்டார். பலகை ஆற்றின் அக்கரைவரை ஜெகஜ்ஜோதியாகத் தெரிந்தது. பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தால் உள்ளே நர்சம்மா டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தையல் போட்டுக்கொண்டிருந்தார். பேட்டரியைப் பலகை குடித்துவிட்டிருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பிரசவம் பார்க்கிற இடம், அடுத்தது தடுப்பூசி ஃபிரிட்ஜ், பிறகு மின்விசிறி, செல்போன் சார்ஜ், புத்தர் மாடத்துச் சின்ன விளக்குகள். கடைசியில் ஏதாவது மிஞ்சினால் பலகை. சோறு வடிக்கிற கரண்ட் குக்கரை மட்டும் எந்தப் பட்டியலிலும் எழுதமாட்டேன். எழுதாவிட்டாலும் யாராவது அதைக் கொண்டுவந்து செருகத்தான் செய்வார்கள். அதனால் அதற்கும் மனதுக்குள் ஓர் இடம் ஒதுக்கிவைப்பேன்.

பிரசவத்துக்கு முதலிடம் என்று வரிசை போட்ட அதே மனிதன்தான் கதவில் மண்டை ஓடு வரையச் சொன்னான் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

வரைபடம்

இரண்டு மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் நடந்தது. ரங்கூனிலிருந்து ஆற்றைத் தாண்டி டல்லா கரையில் இறங்கி, மோட்டார் சைக்கிளில் முதுகெலும்பை உதிர்த்து, அதற்கப்புறம் ஒரு சின்னப் படகு ஏறினால் அந்த ஊர். அங்கே கட்டப்போகிற கிளினிக்கின் வரைபடம் என் கடைக்கு வந்தது. பள்ளி நோட்டுத் தாளில் சயாமாவே பேனாவால் போட்டது. நாலு அறை, ஒவ்வொன்றிலும் பர்மிய எழுத்தில் பெயர்.

இருப்பதில் பெரிய அறையில் 'மீ நே கான்' என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டினேன். மீ என்றால் கரண்ட். நே என்றால் இரு, தங்கு. கான் என்றால் அறை. கரண்ட் தங்குகிற அறை.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊர் உலகத்தில் பேட்டரியை மாடிப்படிக்கு அடியிலும் கக்கூசுக்குப் பக்கத்திலும் தள்ளுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் அதற்கு நடுவீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். கழுவுகிற மாதிரி சிமென்ட் தரை, ஆசிட் சிந்தினால் ஓடிப்போகச் சரிவும் கால்வாயும். பேட்டரிக்குத் தண்ணீர் விட உள்ளேயே குழாய். அடுக்கிவைக்க இடுப்புயர மேடை. காற்றுக்குப் பெரிய ஜன்னல். அத்தர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் அறிவு என்று.

பக்கத்தில் ஒரு குட்டி அறைக்குப் பெயரே போடவில்லை. அதுதான் பேட்டரிக்காக விட்ட அறை என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஏழு நாள்

சந்தேகம் கேட்காமல் வேலை செய்கிறவன் இல்லை நான். சயாமாவுக்குப் போன் போட்டேன். மீ நே கான் எத்தனை நாள் தாங்கவேண்டும் என்று கேட்டேன். மழை வந்து வெயிலே அடிக்காவிட்டால் பேட்டரி எத்தனை நாள் ஓடவேண்டும் என்பது என் கணக்கு.

"ஏழு நாள் போதும். அதுக்கு மேல நான் வீட்டுக்கு அனுப்பிருவேன்" என்றார்.

மிஞ்சுகிற கரண்டைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொள்வார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கிராமத்தில் உழைக்கிறவர், போகட்டும். பொதுவாக இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாளுக்குத்தான் பேட்டரி போடுவோம். இவர் ஏழு கேட்கிறார். ஒரே நேரத்தில் எத்தனை இருக்கும் என்று கேட்டேன். சாதாரணமாக ஒன்று, பௌர்ணமி சமயத்தில் இரண்டு மூன்று சேர்ந்து வந்துவிடும் என்றார். பௌர்ணமித் திருவிழாவுக்குச் சீரியல் விளக்கு போடுவார்கள் என்று நான் எழுதிக்கொண்டேன்.

கடைசியாக அவரே ஒன்று சொன்னார். அறை சூடாக இருக்கவேண்டும், ஆனால் புகை வெளியேற வழி வை. பேட்டரிக் காற்றைப்பற்றி இவ்வளவு தெரிந்த ஒரு மருத்துவச்சியா என்று எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

எட்டு பேட்டரி போடவேண்டிய இடத்தில் இருபத்துநாலு போனது. பருப்பு வியாபாரி ஏன் என்று கேட்கவில்லை. ஏழு என்றதும் நல்ல எண் என்று தலையாட்டினார்.

படகிலிருந்து அவற்றை இறக்கியபோது கொத்தனார் மட்டும் ஒருமுறை வாயைத் திறந்தார். மீ நே கானுக்குள்ளேயா வைக்கப்போகிறாய் என்றார். வேறே எங்கே வைப்பார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். ரங்கூன்காரன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறானே என்று அவர் அடங்கிவிட்டார். ஊருக்குள் ஒரு பேச்சு ஓடியதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது: பிள்ளை பெற்றவளுக்கு இனிமேல் கரியடுப்பு வேண்டாமாம், பேட்டரியே சூடு கொடுக்குமாம்.

மறுபடியும் கதவு

கட்டட வேலை நடந்த இரண்டு மாதமும் சயாமா ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில் தடுப்பூசி வேலையாக இருந்தார். கட்டடம் முடிந்து, பேட்டரி ஏற்றி, வெயிலில் அது முழுசாக நிரம்பி, மண்டை ஓடும் காய்ந்த பிறகுதான் வந்தார். வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் வரைபடத்தை எடுத்து நீட்டினேன். நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், மீ நே கான் என்று, கரண்ட் இருக்கிற அறை என்று.

சயாமா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிள்ளை பெற்றவள் உடம்பு குளிராமல் நெருப்புப் பக்கத்தில் இருப்பாள். அந்த இருப்புக்குத்தான் மீ நே என்று பெயர். பிள்ளை பெறுவதற்கான பர்மியச் சொல்லே அந்த மீயில்தான் தொடங்கும். ஏழு நாள் என்றது அவள் இருக்கிற நாள். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று என்றது பெண்கள்.

"உனக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டு, சயாமா."

"எப்படி?" என்றார்.

சுற்றி நின்ற ஊர் சிரித்தது. ஒரே ஒருவன் சிரிக்கவில்லை. என்னை ஆற்றில் கொண்டுவந்து விடுகிற படகுக்காரன் கோ வின். அவன் மனைவி மா சூவுக்கு நாள் நெருங்கியிருந்தது. போன பிரசவத்தில் கிளினிக் இல்லாமல் அவளைப் படகில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். குழந்தை பாதி ஆற்றில் பிறந்து கரை சேருமுன் போய்விட்டது. தள்ளுகோலைப் பிடித்துக்கொண்டு தானே எல்லாவற்றையும் பார்த்தவன் அவன். அதற்கப்புறம் மா சூ படகில் ஏறுவதே இல்லை. இந்த அறை வருகிறது என்றுதான் இரண்டாவது பிள்ளைக்கே அவள் சம்மதித்தாளாம்.

இதைச் சயாமா எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. பூப்போட்ட மண்டை ஓடு வேறு என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

மூங்கில்

குட்டி அறையில் இருபத்துநாலு கொள்ளாது. அமில பேட்டரி, காற்றோட்டம் இல்லாமல் அடைத்துவைத்தால் வெடிக்கும். பின்சுவரை ஒட்டி மூங்கிலும் தகரமும் போட்டுச் சாய்ப்பு இறக்குவது என்று முடிவு செய்தோம். கொத்தனாரும் கோ வின்னும் இன்னும் நாலு பேரும் சேர்ந்தார்கள். ஒரு மூங்கில் கழியில் ஒரு பேட்டரியைத் தொங்கவிட்டு இரண்டு பேர் தோளில் சுமந்தோம். பார்த்தவர்கள் பன்றி தூக்கிப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். என் தாத்தா மேலிருந்து பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

மண்டை ஓட்டுக் கதவைக் கழற்றிச் சாய்ப்புக்கு மாட்டினோம். பிரசவ அறைக்குக் கதவில்லாமல் போயிற்று. சயாமா ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். தரையையும் மேடையையும் தானே சோடா உப்புப் போட்டுக் கழுவினார், மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக்கொண்டே கழுவினார்.

இரண்டாம் நாள் மத்தியானம் மா சூவுக்கு வலி எடுத்துவிட்டது. வானம் கரியைப் பூசியதுபோல இருண்டு மழையும் பிடித்துக்கொண்டது. எட்டு பேட்டரிக்கு மட்டும்தான் இணைப்புக் கொடுத்திருந்தேன், அதுவும் இன்வெர்ட்டரோடு சேரவில்லை. கழுத்தில் தண்ணீர் வழிய, குனிந்து போல்ட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். கரண்ட் வராவிட்டால் இவளைப் படகில் ஏற்றுவார்களே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

உள்ளேயிருந்து சயாமா ஒரே வார்த்தை கேட்டார்: "மீ?"

சுவிட்சைத் தட்டினேன். போர்வையின் கீழ் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. "மீ லா பீ" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. பிரசவ வலியில் இருக்கிற மா சூவின் குரல் அது என்று பிறகு சொன்னார்கள். கரண்ட் வந்தால் அப்படிச் சொல்லாமல் இருக்க இந்த நாட்டில் யாராலும் முடியாது.

குழந்தை பிறந்து அழுதபோது கோ வின் சாய்ப்புக்குள் என் பக்கத்தில் பேட்டரிமேல் உட்கார்ந்திருந்தான். அதன்மேல் உட்காரக்கூடாது. நான் எழுப்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் மா சூவின் மாமியார் கனல் பறக்கும் கரிச்சட்டியோடு போர்வையை விலக்கினார். எனக்குப் பேட்டரிக் காற்றில் தீப் பற்றிவிடுமோ என்ற பயம். நேற்றுவரை பேட்டரி இருந்த அறையாயிற்றே.

"மீ நே கானுக்குள்ள மீ கொண்டுவராதீங்க" என்று கத்திவிட்டேன்.

மழைச் சத்தத்தையும் மீறி ஊர் சிரித்த சிரிப்பு அது. சயாமாவும் சிரித்துவிட்டார். அறையை மூன்று தடவை கழுவி இரண்டு நாள் ஜன்னல் திறந்துவைத்தாயிற்று, இனி நெருப்புக்கு ஒன்றும் ஆகாது என்று அவர்தான் சட்டியை வாங்கி உள்ளே வைத்தார். ஜன்னலை மட்டும் எனக்காக ஒரு சாண் திறந்துவிட்டார்.

அந்த மழை விடவே இல்லை. சூரியன் கண்ணிலேயே படவில்லை. மறுநாள் மீதிப் பதினாறையும் இணைத்தேன். படகு ஓடாததால் நானும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். ரங்கூனில் இருக்கிற பெரிய புத்திசாலிகள் போடுகிற இரண்டு நாள் பேட்டரியாக இருந்தால் மூன்றாம் நாள் படுத்திருக்கும். என்னுடையது முட்டாள்தனத்தில் போட்ட ஏழு நாள் பேட்டரி. ஃபிரிட்ஜ் ஓடியது, விளக்கு எரிந்தது, யாரோ குக்கரையும் செருகினார்கள். எட்டாம் நாள் காலை மா சூ தலைக்குக் குளித்துவிட்டுப் பிள்ளையோடு வெளியே வந்தாள். பேட்டரி மீட்டரின் முள் அப்போதுதான் சிவப்பைத் தொட்டிருந்தது.

தாகேதா

நான் வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இருந்தது. அதனால் ராஜத்துக்கு என்னோடு பேச நேரமில்லை. தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, குக்கர் கொதித்தது, அவள் ஒரு வாரத் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கரண்ட் போவதற்குள் எல்லாவற்றையும் முடிக்கவேண்டும்.

கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். மண்டை ஓட்டுக்குச் சிரித்தாள். பிறகு இஸ்திரிப்பெட்டியை நிறுத்திவைத்தாள்.

"மீ நே கான்னா என்னான்னு என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல."

"ஒனக்குத் தெரியுமா?"

"ரெண்டு தடவ இருந்திருக்கேன். இதே ரூம்புல. பெரியவன் பொறந்தப்ப நீங்க யாரோ வீட்டு ஜெனரேட்டர்ல இருந்தீங்க. சின்னவ பொறந்தப்ப லான்மடாவ்ல நகைக்கடைக்கு வெளக்கு போட்டுக்கிட்டு இருந்தீங்க."

இரண்டும் எனக்கு நினைவிருந்தது. இரண்டும் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வேலைகள். அவளிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"அப்ப இங்க கரண்ட் இருந்துச்சா?"

"இல்ல. மெழுகுவர்த்தி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுபடி இஸ்திரிப்பெட்டியை எடுத்தாள். இரண்டு சட்டை முடிவதற்குள் கரண்ட் போய்விட்டது.

மறுநாள் கடையில் இருந்ததிலேயே நல்ல பேட்டரிகளாக எட்டு எடுத்துவந்தேன். பின்கட்டு வராந்தாவில் அடுக்கி, அந்த அறைக்குத் தனியாகக் கம்பி இழுத்து, விளக்கும் மின்விசிறியும் போட்டேன். எதற்கு இவ்வளவு என்று கேட்டாள். ஏழு நாள் தாங்கும் என்றேன்.

"யாருக்குங்க, இனிமே?" என்றாள்.

இன்றுவரை அவற்றில் ஒன்றைக்கூட யாருக்கும் எடுத்துக்கொடுக்க அவள் விடவில்லை. அவசரம் என்று வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கடைக்கு அனுப்பிவிடுகிறாள். பின்கட்டுக் கதவில் எச்சரிக்கைக்கு ஏதாவது வரையட்டுமா என்று கேட்டேன். மண்டை ஓடு வேண்டாம், பூ மட்டும் போடுங்கள் என்றாள்.